நிசிரோஸ்: நான்கு மணிப் படகு போன பிறகு

எரிமலைத் தீவு என்றால் நம்மவர்கள் உடனே சாண்டோரினிக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதற்கும் அவசரப்படாமல், கூட்டத்தில் இடிபடாமல், உயிருள்ள எரிமலை ஒன்றின் மேலேயே உண்டு உறங்கி எழவேண்டும் என்ற ஆசை இருந்தால் நிசிரோஸுக்குப் போங்கள். கிரேக்கத்தின் டோடெக்கனீஸ் தீவுக்கூட்டத்தில், கோஸ் தீவுக்குத் தெற்கே இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 41 சதுர கிலோமீட்டர். ஆயிரம் பேர் அளவில்தான் வசிக்கிறார்கள். அங்கே மண்ட்ராக்கி என்ற துறைமுக ஊரில், ஒரு குடும்பம் நடத்தும் சிறு விடுதியில் நானும் அம்மாவும் மே மாதக் கடைசியில் தங்கினோம். அந்த விடுதிக்கும், அங்கே கழிந்த ஒரு முழு நாளுக்கும் சேர்த்துத்தான் இந்த மதிப்புரை.

விடுதியின் பெயரை எழுதவில்லை. மொத்தம் ஐந்து அறைகள். தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வந்தால் போதும் என்று அதை நடத்தும் அம்மையார் கேட்டுக்கொண்டார். படகுத்துறையில் இறங்கி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தால் இதுபோன்ற வீடுகள் வரிசையாக வரும். எதில் தங்கினாலும் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி பொருந்தும்.

என்னைப் பற்றி இரண்டு விவரங்கள் சொல்லிவிடுகிறேன், மதிப்பீட்டை எடைபோட உதவும். நான் சென்னையில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சைவ உணவு மட்டும்தான் சாப்பிடுவார். ஆகவே படிக்கட்டு, சாப்பாடு, கந்தகம் மூன்றையும் கூர்ந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் அறை. கடலைப் பார்த்த மாடி அறை, இரண்டு பேருக்குக் காலை உணவோடு 65 யூரோ. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். எரிமலைக் கல்லால் கட்டி வெள்ளையடித்தது. நண்பகலில் வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே மின்விசிறி தேவைப்படவில்லை. தரையில் பழைய மரப்பலகை. கட்டில் உயரம் அம்மாவுக்குச் சரியாக இருந்தது, இதை நான் எங்கே போனாலும் முதலில் பார்ப்பேன். சன்னலைத் திறந்தால் எதிரே யாலி தீவு. அதன் ஒரு பக்கத்தை நுரைக்கல்லுக்காக, அதாவது எரிமலை உமிழ்ந்த நுரைபோன்ற லேசான கல்லுக்காக, வெட்டியெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மலையின் பாதி தோல் உரிந்து வெள்ளை வெளேரென்று தெரிகிறது. அழகான காட்சி வேண்டும் என்பவர்களுக்கு அது உறுத்தலாம். எனக்கு உறுத்தவில்லை. நுரைக்கல் ஏற்றும் கப்பல் ஒன்று அங்கே நிற்பதைக் காப்பி குடித்துக்கொண்டே பார்த்திருந்தேன். இந்தக் கடற்பகுதி எரிமலையால் வாழ்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வாசற்படியோரம் ஒரு பழைய திரிகைக்கல்லும் கிடந்தது, கறுத்து, நடுக்குழி தேய்ந்து. ரோமானியர் காலத்திலேயே சுற்றுவட்டாரத் தீவுகளுக்குத் திரிகைக்கல் இங்கிருந்துதான் போயிற்று.

காலை உணவு: தயிர், தைம் மணக்கும் தேன், தக்காளி, வெள்ளரி, ரொட்டி, வீட்டில் போட்ட அத்திப்பழ ஜாம். முட்டையை அம்மாவின் தட்டில் வைக்கவேண்டாம் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன். அதன்பிறகு அம்மாவுக்குத் தனியாக வறுத்த பாதாம் ஒரு கிண்ணம் வந்துகொண்டேயிருந்தது. விடுதிக்கார அம்மையாருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், அம்மாவுக்கும் அப்படியே. இரண்டு பேரும் சமையலறை வாசலில் அரை மணி நேரம் நின்று கேப்பர் என்ற செடியின் பூமொட்டுகளை எப்படி உப்பில் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த மொழியில் என்று எனக்குத் தெரியாது, ஆனால் செய்முறை அம்மாவிடம் முழுமையாக இருக்கிறது.

இனி எரிமலை. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும்.

நிசிரோஸில் எரிமலை எங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டியதில்லை, தீவே எரிமலைதான். நடுப்பகுதி பண்டைக்காலத்தில் உள்வாங்கி நான்கு கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளமாகிவிட்டது. அதன் தரையில், மாடுகள் மேயும் வெளிக்கு அந்தப்புறம், ஸ்டெஃபானோஸ் என்ற வட்டமான வாய். அகலம் ஏறக்குறைய 300 மீட்டர், ஆழம் 25 மீட்டருக்கு மேல். கோஸிலிருந்து வரும் உல்லாசப் படகுகள் முற்பகலில் கரைசேர்ந்ததும் பயணிகளைப் பஸ்களில் ஏற்றி நேரே இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு மேல் அந்த வாய்க்குள் தொப்பிகளும் கேமராக்களுமாகவே இருக்கும். ஊரில் தங்கினால் காலை எட்டு மணிக்கே டாக்சியில் போய்விடலாம். எங்களை ஏற்றிப்போனவர் விடுதிக்கார அம்மையாரின் உறவினர். கூலியை முன்கூட்டியே சொல்லி, நாங்கள் பார்த்து முடிக்கும்வரை மேலே மரநிழலில் காத்திருந்தார்.

அந்த நேரத்தில் அங்கே எங்களைத் தவிர ஒரு ஜெர்மானியத் தம்பதி மட்டும்தான். இறங்கும் பாதை சரளைக்கல், வளைந்து வளைந்து போகும். அம்மா கைத்தடியோடு நின்று நின்று இறங்கிவிட்டார். அறுபத்தெட்டு வயதில் இறங்க முடிந்தது என்பதை மூட்டுவலிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

கீழே நின்றதும் மூக்கில் ஏறும் வாடை நம்மில் பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆய்வகத்தில் வாயு தயாரிக்கும் கிப் உபகரணத்தைத் திறந்தால் வரும், அழுகிய முட்டை வாடை கொண்ட அதே ஹைட்ரஜன் சல்பைடு. ஆண்டுதோறும் மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் அந்த வாயுவை, அது பிறக்கும் இடத்திலேயே பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மழைநீரும் கடல்நீரும் பாறை வெடிப்புகள் வழியே கீழே இறங்குகின்றன. ஆழத்தில் கொதிக்கும் பாறைக்குழம்பின் சூட்டில் ஆவியாகி, கந்தக வாயுவையும் சுமந்துகொண்டு மேலே வருகின்றன. ஆவித் துளைகளின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் அந்த வாயுவிலிருந்து கந்தகம் பிரிந்து துளையின் விளிம்பிலேயே படிகிறது.

ஒரு துளையின் எதிரே, கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப்புறம், குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். ஒரு கைப்பிடி அளவுக்கு மேல் இல்லாத துளை. அதன் உதட்டைச் சுற்றிலும் ஊசி ஊசியாகப் படிகங்கள். நகத்தின் நுனியில் பாதிகூட இருக்காது ஒவ்வொன்றும். துளையை ஒட்டியவை எலுமிச்சை மஞ்சள், ஈரத்தில் மினுங்குகின்றன. ஒரு சாண் தள்ளி இருப்பவை வெளிறி, தூளாகி, சாம்பல் நிற மண்ணோடு கலந்துவிட்டன. ஆவி கொஞ்சம் வேகமாகச் சீறும்போது ஓர் ஊசி முறிந்து உள்ளே விழுகிறது. அடுத்த ஊசி அங்கே வளர ஆரம்பித்திருக்கும். பாடப்புத்தகத்தில் ஒற்றை வரியாக இருக்கும் சமன்பாடு கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது, யாரும் சுடுவிளக்கு வைக்காமல், யாரும் குடுவையைக் குலுக்காமல். பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றிருந்தால் இப்படிப் பார்த்திருக்க முடியாது. தங்கிப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இங்கே பாறைக்குழம்பு ஆறாக ஓடும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆவி அடைபட்டு, அழுத்தம் தாங்காமல் தரையைப் பிளந்துகொண்டு வெடிப்பதுதான் இவ்விடத்து வழக்கம். பக்கத்திலுள்ள பாலிவோட்டிஸ் பகுதியில் 1871 முதல் 1873 வரையிலும், மறுபடி 1887-லும் அப்படி வெடித்திருக்கிறது. ஸ்டெஃபானோஸ் அதைவிட வெகு பழையது. பாலிவோட்டிஸ் என்பது ஓர் அரக்கனின் பெயர். கடல் தெய்வம் பொசைடன் கோஸ் தீவின் ஒரு துண்டைத் திரிசூலத்தால் பெயர்த்து அவன் மேல் எறிந்ததாகவும், அந்தத் துண்டே நிசிரோஸ் என்றும், கீழே நசுங்கிக்கிடக்கும் அரக்கனின் பெருமூச்சே இந்த ஆவி என்றும் கதை. டாக்சிக்காரர் அதைச் சொன்னபோது அம்மா மிகுந்த கவனத்தோடு கேட்டுவிட்டு, "பாவம், இத்தனை காலமாகவா?" என்றார்.

பாதுகாப்பு பற்றி: துளைகளின் அருகே தரை மெல்லிய ஓடு, கீழே கொதிநீர். கயிற்றைத் தாண்டக்கூடாது. தடித்த அடிப்பாகம் கொண்ட ஷூ போடுங்கள். மெல்லிய ரப்பர் செருப்பு சூட்டில் இளகிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் மேலிருந்தே பார்க்கலாம். இன்னொன்று, இதை எந்தப் பயணக் கையேடும் நமக்குச் சொல்லாது. வெள்ளி மெட்டி, கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அம்மாவின் மெட்டி இரண்டும் முதலில் பழுப்பேறி, சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டன. வெள்ளியும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தால் வெள்ளி சல்பைடு, வேறு ஒன்றுமில்லை. கைப்பையில் எப்போதும் இருக்கும் திருநீற்றை ஈரத்துணியில் தொட்டு அம்மா கால் மணி நேரம் தேய்த்தார். பளபளப்பு திரும்பிவிட்டது. தங்கத்துக்கு எதுவும் ஆகாது.

திரும்பும் வழியில் நிக்கியா. எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் கிராமம். ஒரு பக்கம் ஸ்டெஃபானோஸ், மறுபக்கம் கடல். கூழாங்கல் பதித்த வட்டமான சதுக்கம் கையடக்கமானது. எரிமலை அருங்காட்சியகம் சிறியது, அரை மணி போதும், ஆனால் கீழே பார்த்துவிட்டு வந்தபின் பார்த்தால்தான் மனத்தில் பதியும். எம்போரியோஸ் கிராமத்துக்கும் போனோம். 1933 நிலநடுக்கத்துக்குப் பிறகு பெரும்பாலோர் வெளியேறிய ஊர். நுழைவிலேயே பாறைக்குகை ஒன்று இருக்கிறது, உள்ளே எரிமலையின் வெப்பக்காற்று இயற்கையாக வந்துகொண்டிருக்கிறது. கட்டணம் கிடையாது. அம்மா அங்கே முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், போகலாம் என்று நான் கூப்பிட்டபோது, "நீ போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். அன்றிரவு வலி மாத்திரை போடவில்லை. அது குகையின் பலன்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், அம்மா சொல்லுவார்.

நண்பகலில் ஊர் திரும்பினால், கோஸிலிருந்து வந்த கூட்டம் மண்ட்ராக்கியின் கடலோர உணவகங்களை நிறைத்திருக்கும். அந்த நேரத்தில் அங்கே சாப்பிடவேண்டாம். பரிமாறுபவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, சமையலும் அவசரச் சமையல். நாங்கள் விடுதியிலேயே ரொட்டியும் தக்காளியும் சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்தித் தூங்கினோம். இந்த ஊரே அப்போது தூங்குகிறது. பயணம் வந்த இடத்தில் பகலில் தூங்குவதா என்று நினைப்பவர்கள் ஒரு முறை அந்தத் தடித்த சுவருக்குள் படுத்துப் பார்க்கட்டும்.

நான்கு மணி வாக்கில் உல்லாசப் படகுகள் ஊதிக்கொண்டு கிளம்பிப் போகின்றன. அதன்பின் கால் மணி நேரத்தில் நடக்கும் மாற்றத்தைச் சன்னலிலிருந்து பார்த்தேன். காந்தம் ஒட்டிய நினைவுப்பொருள்கள் தொங்கும் தட்டிகளைக் கடைக்காரர்கள் உள்ளே இழுத்தார்கள். அதே நடைபாதையில் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பாட்டி வாசலில் நாற்காலி போட்டார். எதிர்வீட்டுப் பாட்டியும் போட்டார். பகல் முழுதும் எங்கே இருந்தார்கள் என்று தெரியாத ஊர்க்காரர்கள் எல்லோரும் இலிகியோமெனி சதுக்கத்தில் இருந்தார்கள். மாபெரும் ஃபைக்கஸ் மரங்கள் கூரைபோல் மூடியிருக்கும் அந்தச் சதுக்கம்தான் மண்ட்ராக்கியின் உண்மையான வரவேற்பறை. அம்மாவை அங்கே ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கைக்குச் சுமாதா ஒரு கோப்பை வாங்கிக்கொடுத்தேன். கசப்புப் பாதாமிலிருந்து எடுத்த பாகில் குளிர்ந்த நீர் சேர்த்த பானம். தித்திப்பின் அடியில் மெல்லிய கசப்பு இருக்கும். இந்தத் தீவில் பெயர்பெற்றது. ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறேன்.

நான் மட்டும் பனாயியா ஸ்பிலியானி மடத்துக்கு ஏறினேன். ஊரின் மேற்கு முனையில், செங்குத்தான பாறைமேல், பழைய கோட்டைச் சுவர்களுக்கு உள்ளே, குகைக்குள் அமைந்த மாதா கோயில். நூற்றுக்கு மேற்பட்ட படிகள். முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். உள்ளே எண்ணெய் விளக்குகளின் வெளிச்சம், வெள்ளித் தகடு போர்த்திய மாதா படம், நேர்ந்துகொண்டவர்கள் தொங்கவிட்ட சின்னச் சின்னத் தகடுகள். ஒரு பெண்மணி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சுவரோரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். நேரமும் காலில் தெம்பும் இருப்பவர்கள் பாலியோகாஸ்ட்ரோவை விடாதீர்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கோட்டைச்சுவர். கறுத்த எரிமலைக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். இன்றும் இரண்டு கற்களுக்கு நடுவே என் அடையாள அட்டையைச் செருக முடியவில்லை. வாயிற்படி அப்படியே நிற்கிறது. கீழே ஊரிலிருந்து அரை மணி நடை.

இரவுச் சாப்பாடு சதுக்கத்திலேயே ஓர் உணவகத்தில். சைவம் கிடைக்குமா என்ற கவலையோடு போனேன், தேவையில்லாத கவலை. பிதியா என்று ஒன்று கொண்டுவந்தார்கள்: கொண்டைக்கடலையை அரைத்து, வெங்காயமும் மூலிகையும் சேர்த்து எண்ணெயில் பொரித்தது. அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இது நம் பருப்பு வடைதான், சோம்பு மட்டும் போடவில்லை" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தட்டுக்குச் சொன்னார். அவ்வளவு வாய்விட்டு அம்மா வெளிநாட்டுச் சாப்பாட்டைப் பாராட்டி நான் கேட்டதில்லை. கேப்பர் இலை போட்ட தக்காளிச் சாலட்டும் நன்றாக இருந்தது. முட்டை சேர்க்காதவர்கள் பிதியாவில் முட்டை உண்டா என்று கேட்டுவிடுங்கள், வீட்டுக்கு வீடு மாறும்.

குறைகளையும் சொல்லவேண்டும். விடுதியில் குளியலறைக் குழாயில் நீர் மெல்லிசாகத்தான் வரும். தலைக்குக் குளிக்க நீண்ட கூந்தல் உள்ளவர்கள் பொறுமையோடு போகவேண்டும். ஆனால் நல்ல தண்ணீர் அரிதான தீவு இது, சிக்கனமாகப் பிடித்துக்கொள்வதே மரியாதை. குடிக்கப் பாட்டில் தண்ணீர்தான். மாடிப்படி குறுகலானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். பெட்டிகளை அம்மையாரின் மகன் தூக்கிக்கொடுத்தார். வைஃபை அறைக்குள் எட்டாது, முற்றத்தில் எட்டும். உள்ளூர் பஸ் எண்ணிக்கை குறைவு, அதை நம்பி நாளைத் திட்டமிட முடியாது. இதற்காக ஐந்தில் அரை மதிப்பெண் குறைத்து நான்கரை கொடுக்கிறேன்.

கோஸில் ஒரு பயண முகவர்மேல்தான் எனக்கு உண்மையான கோபம். போய் அன்றே திரும்பும் டிக்கெட் மட்டும்தான் உண்டு, தங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை என்று எங்களிடம் அடித்துச் சொன்னார். கோஸின் தென்கரையில் உள்ள கார்தமேனா துறைமுகத்துக்கு நேரில் போனபோது ஒருவழி டிக்கெட் தாராளமாகக் கிடைத்தது. கடற்பயணம் ஒரு மணி நேர அளவுதான். முகவர் சொன்னதை நம்பித் திரும்பிவிடுபவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. ஆகஸ்ட் 15 மாதா திருவிழா. அதை ஒட்டி வெளியூரில் வேலை செய்யும் தீவுக்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்புவார்கள். அந்த வாரம் போக விரும்பினால் மாதக்கணக்கில் முன்பே அறை பேசிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக வீசும் நாட்களில் படகு ரத்தாவது உண்டு. ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே கோஸுக்கு வந்துவிடும்படி டிக்கெட் எடுங்கள்.